இடக்கைப் பிடி இயல்: கிளட்ச் லீவர் மாற்றுதற்கு ஓர் உரை

இருசக்கர வண்டியின் உறுப்புகளுள் எஞ்சினுக்குத் தடித்த நூல்கள் உண்டு. டயருக்கு விளம்பரங்கள் உண்டு. நாளெல்லாம் நான்கு விரல்களின் பிடியில் கிடந்து உழலும் கிளட்ச் லீவருக்கு மட்டும் உரை கண்டார் எவருமில்லை. அக்குறை நீக்க எழுந்தது இது. ஆய்வுப் பொருள், தமிழகத் தெருக்களில் கணக்கின்றி ஓடும் நூறு சிசி வண்டி. களம், வீட்டு வாசல். காலம், ஞாயிறு காலை, கறி வாங்கி வந்தபின், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்.

உடைவது ஏன் பெரும்பாலும் இடப்பக்க லீவராக இருக்கிறது என்பதே முதல் வினா. விடை சைடு ஸ்டாண்டில் இருக்கிறது. அது இடப்பக்கம் இருப்பதால் நிற்கும்போதே வண்டி இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. சித்திரை வெயிலில் இளகிய தாரிலோ, மழைக்குப் பிந்தைய மண்ணிலோ ஸ்டாண்டின் கால் புதைந்தால் விழும் திசையும் அதுவே. ஹேண்டில்பாரின் நுனியும் லீவரும் முதலில் தரை தொடும். சென்டர் ஸ்டாண்டில் நிற்பது எப்பக்கமும் விழலாமே என்பார் உளர். டீக்கடை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போடுவாரைக் காண்பதரிது. ஆதலின் அவர் கூற்று ஈண்டுப் பொருந்தாது.

உடைதல் லீவரின் குற்றமன்று, கடமை. ஹேண்டில்பார் எஃகுக் குழாய். லீவர் அலுமினியக் கலவை வார்ப்பு. விழுந்த வேகத்தை வாங்கிக்கொண்டு விலை குறைந்தது போனால்தான் விலை கூடியது பிழைக்கும். நுனியில் உள்ள குண்டும் அழகுக்காக வைத்ததன்று. விழும்போது லீவர் யார் உடம்பிலும் குத்தி ஏறாதிருக்க வைத்தது.

வளைந்த லீவரை என் செய்வது என்பதில் இரு மரபுகள் உண்டு. பழைய பைப் ஒன்றைச் செருகி நிமிர்த்தலாம் என்பது முதல் மரபு. இம்மரபினர் எல்லாத் தெருவிலும் உளர், கேளாமலே வருவர். வார்ப்பு அலுமினியத்தை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே தங்கும். பிறகொரு நாள் மேம்பாலம் ஏறும்போது லீவர் பாதி கையோடு வரும். எனவே மாற்றுவதே முறை என்னும் இரண்டாம் மரபே கொள்ளத்தக்கது.

லீவர்தான் வேண்டுமா என்று கேட்டவர்களும் வரலாற்றில் இருந்தனர். உறைக்குள் ஓடும் இழுகம்பிக்கு எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கிளட்ச் கேபிள் அதன் வாரிசு. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளில் 1952 வரை கிளட்ச் காலுக்குரியது, கியர் கைக்குரியது. மைசூரில் உருவான ஜாவாவில் லீவர் இருந்தும், கியரை மிதித்தாலே கிளட்ச் தானே விடுபடும். சோபா நூடுல்ஸ் கொண்டுபோகிறவர் ஒரு கையாலேயே ஓட்ட வேண்டும் என்று சோய்சிரோ ஹோண்டா கருதியதன் பயன், 1958-இல் வந்த சூப்பர் கப். அதில் கிளட்ச் லீவரே கிடையாது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது தமிழ்நாட்டுக்கும் கியர், கிளட்ச் இரண்டிலிருந்தும் விடுதலை கிடைத்தது. ஆயினும் பெருவாரி மக்கள் லீவரையே கைவிடாது பிடித்துக்கொண்டிருக்கின்றனர்.

இனிச் செய்முறை. உடைந்த லீவரைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்க. “என்ன வண்டிண்ணே? எந்த வருஷம்? டிஸ்கா, டிரம்மா?” என்று கவுண்டருக்கு அப்பாலிருந்து வினாக்கள் வரும். டிஸ்க்குக்கும் கிளட்சுக்கும் என்ன உறவு என எதிர்வினா எழுப்பற்க. பழையதன் மேல் புதியதை வைத்துப் பார்ப்பதே ஒப்பியல் ஆய்வு. போல்ட் ஓட்டைக்கும் கேபிள் குண்டு உட்காரும் குழிக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது மாறினாலும் வினை. தூரம் கூடினால் கை வலிக்கும். குறைந்தால் கிளட்ச் முழுதும் விடாது. தோற்றத்தில் எல்லா லீவரும் அண்ணன் தம்பியாகவே இருக்கும், நம்பற்க.

கேபிளைத் தளர்த்தும் இடத்தில் பாடபேதம் உண்டு. அட்ஜஸ்டர் சில வண்டிகளில் லீவர் அருகில், சிலவற்றில் எஞ்சின் பக்கம், பலவற்றில் இரண்டிலும். லீவர் அருகே இருப்பின் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை உள்ளே திருகி, அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் உட்காரும் யோக் ஆகிய மூன்றின் பிளவுகளும் ஒரே கோட்டில் வருமாறு நிறுத்துக. அப்போது கேபிள் பக்கவாட்டில் நழுவி வெளிவரும். இதை அறியாதார் கேபிளோடு நெடுநேரம் மல்லுக்கட்டுவர். அடியில் உள்ள நட்டை முதலில் கழற்றி, பின்பே மேலுள்ள போல்ட்டைத் திருகி எடுக்க. பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

மாட்டும்போது போல்ட்டிலும் கேபிள் குண்டிலும் கிரீஸ் வைக்க. போல்ட்டை வலுவுள்ளவரை இறுக்குதல் வீரத்துக்கு அழகு, லீவருக்குக் கேடு. யோக் நெருங்கி லீவரைக் கவ்விக்கொள்ள, பிடித்த லீவர் திரும்ப வராது. லீவர் தாராளமாக ஆடும் அளவில் போல்ட்டை நிறுத்தி, நட்டை மட்டும் டைட் செய்க. யோக்கை ஹேண்டில்பாரில் பிணைக்கும் போல்ட்டையும் அளவோடு இறுக்குவது சிலர் வழக்கம். அடுத்த முறை விழும்போது யோக் சுழன்று கொடுக்கும், லீவர் தப்பலாம். அடுத்த முறையை இப்போதே எண்ணுவது அபசகுனம் என்று வீட்டார் கடிந்துகொள்ளலாம்.

எஞ்சியது பிளே. லீவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடவேண்டும் என்று இவ்வகை வண்டிகளின் கையேடுகள் சொல்லும். பிளே இல்லையேல் கிளட்ச் வழுக்கும், பிளேட் தேயும். மிகுந்தால் சிக்னலில் நியூட்ரல் விழாது. பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடிக்கும்.

இறுதியாக வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளர் எதிர்வீட்டுப் பெரியவர். தொடக்கம் முதலே திண்ணையிலிருந்து கவனித்து வந்தவர். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டார்ட் செய்து, கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்டதும் பின்சக்கரம் மெல்லச் சுற்றும். “கிளட்ச் புடிச்சும் சக்கரம் சுத்துதேப்பா?” என்பார் அவர். கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் மூழ்கியிருப்பவை. ஆறிய ஆயில் கெட்டியாதலின் சற்றே இழுத்துச் சுற்றும். பிரேக்கை லேசாக மிதித்தால் சக்கரம் நிற்கும், எஞ்சின் அணையாது. அதுவே கிளட்ச் விடுபட்டதற்குச் சான்று. இவ்வாறு விடை கூறி, மிதித்தும் காட்டலாம். பெரியவர் லீவரை இருமுறை அழுத்திப் பார்த்து, “எதுக்கும் மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டிடு” என்பார்.