மணிலாவின் பெரிய தொரை

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் தொரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1975இல் வெள்ளைக்காரக் கம்பனி போய் அரசாங்கம் வந்தது. 1992இல் மறுபடியும் கம்பனி. பெரட்டுக்கு நிற்பவர்கள்தான் மாறவில்லை.

மணிலாவில் இந்தத் தொல்லையே கிடையாது. 1966இல் அங்குள்ள ஆசிய அபிவிருத்தி வங்கியின் முதல் தலைவர் வத்தனாபே. 2025 பெப்ரவரியில் பதவியேற்ற காண்டா 11ஆவது தலைவர். அத்தனை பேரும் ஜப்பானியர்; கங்காணி வேலைகூட இவ்வளவு ஒழுங்காகக் கைமாறியதில்லை. விதி கேட்பதென்னவோ பிராந்திய உறுப்பு நாடொன்றின் குடியுரிமையைத்தான். இலங்கை ஆரம்ப உறுப்பினர். ஆக, கொட்டகலைக்காரருக்கும் தகுதி உண்டு. 1966இல் தோட்டத் தமிழரான நம்மில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு அந்தச் சாக்கும் போயிற்று.

தவணை 5 ஆண்டு. ஆசையுள்ளவர்கள் விண்ணப்பத்தைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.