அறுபதுகளின் வேனும் வேம்பார் உப்புக்காற்றும்: ஒரு முன்னோடி ஆய்வு

அறுபதுகளில் ஓடிய பயணியர் வேனை விலைக்கு வாங்கிச் சேர்ப்பதற்குத் தமிழில் இலக்கண நூல் இல்லை. தொல்காப்பியர் காலத்தில் வேன் இல்லாததே காரணம் என்பர் ஒரு சாரார். இருந்தது, ஆர்.சி. புத்தகம்தான் தொலைந்துவிட்டது என்பர் மறுசாரார். இவ்வாய்வு இரண்டாம் கட்சி. களம், தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில் உள்ள வேம்பார். கருப்பட்டிக்குப் பேர்போன ஊரில் வேனைத் தேடுவானேன் என்று கேட்கலாம். கடற்காற்றும் உப்பும் சேர்ந்து தகரத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் கிடையாது. இங்கே தப்பிய வேன் எங்கேயும் தப்பும்.

மேல்நாட்டார் இத்துறையில் ஃபோக்ஸ்வேகனையே குலதெய்வமாகக் கொள்வர். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947இல் குறிப்பேட்டில் கிறுக்கிய படம் 1950இல் வேனானது. நடுவில் பிரிந்த முன்கண்ணாடியோடு 1967 வரை ஜெர்மனியில் வந்தது. நம் பரம்பரை வேறு. பிரிட்டனில் 1958இல் பிறந்த ஸ்டாண்டர்ட் அட்லஸின் வாரிசான 'ஸ்டாண்டர்ட் 20', சென்னையை அடுத்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் உருவானது. அடுத்தது பஜாஜ் டெம்போவின் மெட்டடோர். அது வந்தது 1969இல் என்பதால் எந்தப் பத்தாண்டுக்கு உரியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விற்கும்போது அது அறுபதுகளைச் சேர்ந்தது; எஃப்.சி.க்குப் போகும்போது எண்பதுகளைச் சேர்ந்தது.

இனி வாங்கும் முறை. இதற்கு இக்கடற்கரையிலேயே முன்மாதிரி உண்டு. 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது பணம் கட்டிய பிறகே தெரியும். பழைய வேன் வியாபாரமும் அதே ஏலம்தான், ஒரே ஒரு வேறுபாட்டோடு. சிப்பியை அழுகவிட்டால் முத்து மிஞ்சும். வேனை அழுகவிட்டால் விலை மட்டும் மிஞ்சும்.

அந்த விலைக்கும் ஒரு விதி உண்டு. பழைய இரும்புக்காரர் கேட்டால் கிலோக் கணக்கு. சென்னையிலிருந்து காமிராவோடு வந்தவர் கேட்டால் வம்சக் கணக்கு: "எங்க தாத்தா வேளாங்கண்ணிக்கு ஓட்டின வண்டி அண்ணாச்சி, குடுக்க மனசே இல்ல." வாங்க வந்தவர் வண்டியை இரண்டாவது முறை சுற்றி வந்தால் மனசு இன்னும் கெட்டியாகிவிடும். அதுவரை உள்ளே அடைகாத்த கோழிக்கும் அன்றிலிருந்து உரிமை உண்டு.

ஆய்வுக்கருவி, ஒரு சிறு காந்தம். தகரத்தில் ஒட்டும்; பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். படிக்கட்டுக்கு அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துரு அங்கேதான் முதலில் குடியேறும். உப்புத்துகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை நனைத்தே வைத்திருப்பதால் மழையே பெய்யாத மாதத்திலும் அரிப்பு நிற்காது. மேலே பெயின்ட் பளபளத்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

கடைசியில் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும், எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் அசலாக இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினை இறக்கி டீசல் ஏற்றிய மெக்கானிக்கின் திறமை இங்கே குற்றமாகிறது. அதைவிடப் பெரிய முரண், இந்தப் பதிவு சொந்த உபயோக வண்டிக்கே; கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடல், பராமரிப்பு தவிர ரோட்டில் வழக்கமாக ஓட்டக்கூடாது, வாடகைக்கு ஓட்டவே கூடாது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வாடகை பேசி ஆள் ஏற்றியே பேர்வாங்கிய வண்டி, கௌரவப் பட்டம் பெறும் நாளில் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். ஆள் ஏற்றாத பயணியர் வேனை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதை அடுத்த ஆய்வாளருக்கு விடுகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள், வண்டியைப் பிறகு பாருங்கள். காந்தத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். விற்பவர் தரும் காந்தம் எல்லாவற்றிலும் ஒட்டும்.