அறையடைப்பில் பொழுது போக்கல்: மன்னார்த் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

உல்லாசக் கப்பலின் அறையில் தொற்றுக்கு அஞ்சி அடைக்கப்பட்டவர் பொழுதை எப்படிப் போக்குவது என்ற வினாவுக்கு உலகம் பலரிடம் விடை கேட்டது. மன்னாரிடம் மட்டும் கேட்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2020 பெப்ரவரியில் யொக்கோகாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் மறிக்கப்பட்டபோது அதில் பயணிகள் 2,666 பேரும் ஊழியர் 1,045 பேரும் இருந்தனர். மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. மன்னார்த் தீவோ நாற்புறமும் கடல் சூழ்ந்தது. பெருநிலத்தோடு அதைப் பிணைத்திருப்பது மூன்று கிலோமீற்றர் அளவிலான ஒரு பாதை. ஆகவே அதை நங்கூரமிட்ட கப்பல் என்று கொள்வதே இவ்வாய்வின் எடுகோள். நீச்சல் தடாகமும் நடன அரங்கும் இல்லை என்ற ஆட்சேபம் எழலாம். அறையில் பூட்டப்பட்ட பயணிக்கும் அவை இருக்கவில்லை என்பதால் ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்படுகிறது.

முன்வரலாறு

1377இல் ரகுசா நகரம், அதாவது இன்றைய துப்ரோவ்னிக், நோய்கண்ட இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் வெளியே நிறுத்தச் சட்டம் செய்தது. அந்த முப்பது நாளும் அவர்கள் என்ன செய்வது என்பதைச் சட்டம் கூறவில்லை. அறையடைப்புச் சட்டங்கள் அனைத்திலும் இந்த ஓட்டை இன்றுவரை அடைபடாமலே இருக்கிறது.

நம் கடலுக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த கூலிகளைக் கொலராவுக்கும் பிளேக்குக்கும் அஞ்சி இலங்கை அரசு மறித்தது. தன் மண்ணில் அல்ல. அக்கரையில், மண்டபத்தில் முகாம் போட்டு மறித்தது. உடுதுணி அவிக்கப்பட்டது, அம்மை குத்தப்பட்டது, பிறகு நாள் எண்ணப்பட்டது. அவ்விடத்து ரயில் நிலையத்துக்கே ‘மண்டபம் முகாம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மேல்வகுப்பில் வந்தவருக்கோ பெரும்பாலும் மருத்துவரின் கடிதம் ஒன்று போதுமாயிருந்தது. கிருமிக்குப் பயணச்சீட்டை வாசிக்கத் தெரியும் என்று அக்கால நிருவாகம் உறுதியாக நம்பியது.

முறைகள்

*முதலாவது, எண்ணல்.* மன்னார் நகரத் தெருக்களில் திரியும் கழுதைகளை எண்ணலாம். ஆனால் எண்ணி முடித்த கழுதை மீண்டும் வரிசையில் வந்து நிற்பதால் கணக்கு ஒருபோதும் முடியாது. இது குறையன்று, பொழுதுபோக்குக்கு வேண்டிய முதன்மைத் தகுதியே அதுதான். மாறாக, 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் இயங்கத் தொடங்கிய தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதுதான். பாண் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எண்ணி முடிந்துவிடும். மாரியில் வரும் பூநாரைகள் எண்ணுவதற்கு உகந்தவை எனினும், நூற்றைத் தாண்டும்போது ஒரு சேர எழுந்து பறக்கும் கெட்ட பழக்கம் அவற்றுக்கு உண்டு. பள்ளிமுனைப் பெருக்கமரம் ஒன்றே ஒன்று என்பதால் எண்ணிக்கைக்கு உதவாது. நூற்றாண்டுகளாய் அசையாமல் நிற்கும் அதனிடம் பொறுமைக்குப் பாடம் கேட்கலாம். அதுவும் நீண்ட பாடம்.

*இரண்டாவது, கடதாசி.* முந்நூற்றுநாலு என்னும் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு சாதிக்கும் 304. ராசாவையும் ராணியையும் இப்படி ஜாக்கிக்குக் கீழே இருத்திய ஆட்டம் எந்தப் புரட்சிக்கும் முன்னோடி. எனினும் இதற்கு நான்கு கை வேண்டும். கப்பல் அறையிலோ பெரும்பாலும் இரண்டு பேர். இங்கேதான் உலகளாவிய தனிமைப்படுத்தல் கொள்கை சறுக்கிவிழுந்தது. கதவுகளைத் திறந்திருந்தால் 2,666 பயணிகளை 666 மேசைகளில் இருத்தியிருக்கலாம். எஞ்சும் இருவர் பின்னால் நின்று, “அதை ஏன் இறக்கினனீ?” என்று கேட்கலாம். அவர்கள் இல்லாமல் எந்த ஆட்டமும் முறைப்படி நடந்ததாகக் கருதப்படுவதில்லை. தொற்று பரவியிருக்கும் என்பது மருத்துவத் துறையின் கரிசனை; இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

*மூன்றாவது, வேலி.* வீட்டைத் தனிமைப்படுத்திப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனதும், ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாரும் நின்று அதை வாசிப்பார்கள். உள்ளே இருப்பவர் வாசிப்பவர்களைப் பார்ப்பார். யார் இரண்டு தரம் வாசித்தார், யார் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசித்தார், வாசிக்கத் தெரியாத யார் அதிக நேரம் நின்றார் என்பவை ஒரு பகலுக்குத் தாராளம். கப்பல் அறைக் கதவிலும் இப்படியொரு கிடுகு வேலி இருந்திருந்தால் தொலைக்காட்சியைத் தேடியிருக்கமாட்டார்கள்.

*நான்காவது, வலை பொத்தல்.* கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத நாட்களில் பேசாலைக் கரையில் இருந்து வலை பொத்துகிறவர்களிடம், “பொழுது எப்படிப் போகுது?” என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொழுது எங்க தம்பி காணுது?” என்பார்கள். நம் வினாவையே கவிழ்த்த விடை இது.

பெறுபேறுகள்

அவ்விடையின் வெளிச்சத்தில் தரவுகளைத் திரும்ப நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். யொக்கோகாமாவில் பொழுது போகவில்லை என்று வருந்தியவர்கள் பயணிகள். ஊழியர்களோ நோய் தொற்றும் என்று தெரிந்தும், கதவு கதவாக உணவுத் தட்டு கொண்டுபோனார்கள். மண்டபத்தில் கூலி மறிபட்டான், சீமான் கடந்துபோனான். யொக்கோகாமாவில் சீமான் மறிபட்டான், கூலிக்குக் கூடுதல் வேலை கிடைத்தது. இரண்டு ஏற்பாட்டிலும் ஒரே ஆளுக்கே நட்டம் என்பதை விதி என்று வகுக்கலாம்.

காத்திருத்தலில் மன்னார் முதுநிலைப் பட்டம் பெற்ற ஊர் என்பதும் தெளிவாகிறது. 1990இல் நின்ற ரயில் தலைமன்னாருக்குத் திரும்பியது 2015 மார்ச் 14இல். 1984இல் நின்ற இராமேஸ்வரக் கப்பலுக்கு இறங்குதுறை இன்னும் காத்திருக்கிறது. இரண்டு கிழமை அறையில் இருந்துவிட்டுப் பேட்டி கொடுப்பவர்களை இவ்வூர் சற்றுப் பரிவோடுதான் பார்க்கும்.

பரிந்துரைகள்

ஒன்று, கப்பல் அறைகள் இனி நான்கு கைக்கு அமைக்கப்பட வேண்டும். இரண்டு, எல்லா அறைக்கும் ஆள் நடமாடும் பக்கமாக யன்னல் வேண்டும். கடலைப் பார்த்த யன்னலில் கதை இல்லை. மூன்று, சலித்துக்கொள்ளும் உரிமை ஊழியருக்கும் சமமாய்ப் பகிரப்பட்டு, நாளுக்கு அரைநாள் அவர்கள் கதவை மூடிக் கட்டிலில் கிடக்க வழிசெய்ய வேண்டும். அந்த அரைநாளில் உணவுத் தட்டை யார் கொண்டுபோவது என்று பயணிகள் கேட்பார்களாயின், பொழுது போக்க வழி கேட்டவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிடலாம்.