மூணு முடிச்சு போதாது மாப்ள

வா மாப்ள, உக்காரு. திண்ணையைத் துண்டால தட்டிட்டு உக்காரு, வெள்ளை வேட்டி அழுக்காயிடப் போவுது. ஊரே உன் உளுந்தைப் பத்தித்தான் பேசுது. "ரோட்டுலேர்ந்து பார்த்தாலே கருகருன்னு தெரியுது, உம்ம மருமவன் கெட்டிக்காரன்தான்"னு டீக்கடையில ரெண்டு பேரு சொன்னானுவ. எனக்குப் பெருமை தாங்கலை. கெட்டிக்காரன் வயலை ஒரு நடை பார்க்காம இருக்க முடியுமா? விடியக்காலம் மண்வெட்டியோட போயிட்டு வந்துட்டேன். கோச்சுக்காதே, ரெண்டு செடி கொத்தியாந்திருக்கேன். ஒண்ணு நடுவயல்ல, ஒண்ணு வடக்கு வரப்போரத்துல.

பிடுங்கலை, மண்ணோட பேத்து எடுத்தேன். பிடுங்கினா பார்க்க வேண்டிய சங்கதி மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுடும். வாளித் தண்ணியில ஊறப் போட்டு அலசி வச்சிருக்கேன். இந்தா, நடுவயல் செடி. முப்பத்தஞ்சு நாளைக்கு நல்ல வளர்த்திதான், இலை வெத்தலை கணக்கா விரிஞ்சு கெடக்கு. வேரைப் பாரு. முடியிறக்கின தலை மாதிரி வழவழன்னு. தேடினா நாலு முடிச்சு. ஒண்ணை நகத்தால கிள்ளு. உள்ளே வெள்ளை. இப்ப வரப்போரத்துச் செடியைப் பாரு. ஆளு குட்டை, ஆனா வேர்ல கேவுரைக் கொட்டி ஒட்ட வச்ச மாதிரி முடிச்சு. இதையும் கிள்ளு. செவப்பு வருதுல்ல? பயப்படாதே, ரத்தம் இல்லை. ரத்தத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நம்ம ரத்தத்துல மூச்சுக்காத்தைச் சொமக்குற சரக்கு இருக்கே, அதுக்குச் சொந்தக்காரச் சரக்கு அந்த முடிச்சுக்குள்ள இருக்கு. செவப்பா இருந்தா உள்ளே வேலை நடக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தா உத்தியோகம் மட்டும்தான், வேலை கெடையாது. உனக்கே தெரியும், டவுன்ல ரெண்டு வருசம் இருந்தவன்.

ஒரே வயல், ஒரே விதை, ஒரே தண்ணி. பின்ன என்ன வித்தியாசம்? வரப்போரம் உன் கைவீச்சுக்கு எட்டலை, யூரியா விழலை. அவ்வளவுதான்.

என் பொண்ணு கழுத்துல மூணு முடிச்சுப் போட்டப்ப எவ்வளவு பேச்சுவார்த்தை நடந்துச்சு? அதே கதைதான் மண்ணுக்குள்ளயும். தழைச்சத்துப் பத்தாம போறப்ப உளுந்து வேர் மண்ணுல ஒரு சரக்கைக் கசியவிட்டு ஆளைக் கூப்புடும். ரைசோபியம்கிற நுண்ணுயிர் வகையறா அதை மோப்பம் புடிச்சு வந்து, பதிலுக்குத் தன் பங்குக்கு ஒண்ணைக் கசியவிடும். ரெண்டும் பொருந்துனாத்தான் வேர்த்தூவி வளைஞ்சு அதை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டுக்கும். பொருத்தம் கறாரானது. சோயாமொச்சைக்கும் கொண்டைக்கடலைக்கும் உண்டான ரைசோபியம் பொட்டலத்தை உளுந்து விதையில தடவினா சம்பந்தம் கூடி வராது. கூடி வந்துட்டா, செடி சக்கரைச் சத்தைக் குடுக்கும், இது காத்துல நூத்துக்கு எழுபத்தெட்டுப் பங்கு சும்மா கெடக்குற நைட்ரஜனைத் தழைச்சத்தாப் பக்குவம் பண்ணிக் குடுக்கும். நீ என்னடான்னா பொண்ணு வீட்டுக்காரன் வாயைத் தொறக்குறதுக்குள்ள 45 கிலோ மூட்டையைக் கொண்டாந்து கொட்டிட்டே. கையில சோறு இருக்குறப்ப வேர் எதுக்கு விருந்தாளியைக் கூப்புடும்? வந்த நாலு பேரும் வாசல்லயே நிக்குறானுவ.

இலை கருகருன்னு இருக்குன்னு பூரிச்சுப் போகாதே. இலையை அரைச்சு இட்லி ஊத்தப் போறியா? நமக்கு வேணும்கிறது விதை. நூறு கிலோ உளுந்துல கிட்டத்தட்ட 24 கிலோ புரதம். புரதத்துல ஆறுல ஒரு பங்கு தழைச்சத்து, ஆக 4 கிலோ. ஏக்கருக்கு நாலு குவிண்டால் எடுத்தேன்னா விதைக்குள்ள மட்டும் 16 கிலோ. யூரியா ஒரு மூட்டையில இருக்குறதே இருபது கிலோ சொச்சம்தான். அந்தப் பதினாறுல பாதிக்கு மேல காத்துலேர்ந்து வாங்கப் பார்க்குறவன் விவசாயி. வெறும் மூட்டையிலேர்ந்தே வாங்கப் பார்க்குறவன் என் மருமவன். அதுக்கும் மேல, கொழுத்த இலைன்னா சாறு உறிஞ்சுற வெள்ளை ஈக்குப் பந்தி போட்ட மாதிரி. பின்னாடியே மஞ்சத் தேமல் மொய் எழுத வந்துடும்.

"நான்தான் விதைநேர்த்தி பண்ணினேனே"ங்கிறே. பண்ணினே, பண்ணினே. டிப்போவுல பொட்டலத்தை வாங்கி வண்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு நேரா எங்கே போனே? உங்க சித்தப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு. உள்ளே நீ பாயாசம் குடிச்சே, வெளியே மாசி வெயில்ல அந்தக் கோடானுகோடி உசுரும் வேவுது. அது தூள் இல்லை மாப்ள, உசுரு. பொறவு வீட்டுக்கு வந்து அதே பேசின்ல பூசணக்கொல்லி மருந்தையும் கொட்டிக் கலக்கினியாம், என் பொண்ணு சொன்னா. விருந்தாளிக்கு இலையும் போட்டு, அதே இலையில விஷத்தையும் வச்ச ஆள் எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்தன்தான்.

நான் மட்டும் யோக்கியமா? மொதல் தடவை விதைநேர்த்திக்குக் காய்ச்சின அரிசிக் கஞ்சி ஆறுறதுக்குள்ள பொட்டலத்தைக் கொட்டிட்டேன். அத்தனையும் அவிஞ்சு போச்சு. அந்த வருசம் நான் விதைச்சது கஞ்சி போட்ட உளுந்து. வேட்டி மாதிரி வெறப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.

அடுத்த மாசிக்குக் கேட்டுக்கோ. மருந்து கலக்குறதா இருந்தா மொத நாளே கலந்து வை, ஒரு நாள் கழிச்சு ரைசோபியம். பத்துக் கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒண்ணு, நல்லா ஆறின அரிசிக் கஞ்சி கொஞ்சம். தோல் உரியாம மெதுவாப் பொரட்டி, நெழல்ல அரைமணி ஒணத்தி, அன்னைக்கே விதை. பொட்டலத்துல தேதி பார்த்து வாங்கு. அடியுரமா ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போடு, அதுல இருக்குற ஒம்போது கிலோ தழைச்சத்து கன்னுக்குப் போதும். மணிச்சத்துதான் முடிச்சுக்கு முக்கியம். தண்ணியைத் தேக்கி வைக்காதே, மூச்சு முட்டினா உள்ளே ஒருத்தனும் வேலை பார்க்க மாட்டான்.

ஒண்ணு விட்டுட்டேன். வேளாண்மைக் கல்லூரியில படிக்குற பேத்தி வாசிச்சுக் காட்டினா. உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு வேலை பார்க்காத முடிச்சுக்குச் செடி மூச்சுக்காத்தையே குறைச்சிடுமாம். சோயாச் செடியில 2003-லயே கண்டுபிடிச்சிட்டாங்களாம். எங்க காலத்துல வீட்டோட மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா... சரி விடு, காப்பி ஆறுது.

இந்தப் போகம் போனது போகட்டும். அறுப்பன்னைக்கு ஆளுவ வழக்கம்போல செடியை வேரோட பிடுங்குவாங்க, அதை மட்டும் தடுத்துடு. அடியில அருவா வச்சு அறுத்து எடுக்கச் சொல்லு. வரப்போரத்து முடிச்சாவது அடுத்த பயிருக்குச் சத்தா மண்ணுலயே கெடக்கட்டும். ஆனியில குறுவைக்கு நாத்து விடணும்.