மாட்டுக்குச் சொல்லலாம், மகளுக்குக் கூடாது

நாமக்கல் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். "சினை நின்னுச்சா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பிலிருந்தே சத்தமாகக் கேட்பார். கோழி எப்போது முட்டைக்கு வரும், எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தால் கூடுதலாக இடும் என்று குடும்பமே உட்கார்ந்து பேசும். யார் மானமும் போவதில்லை. அதே பிள்ளை எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' பாடத்தை விரித்தால்தான் நம் பண்பாட்டுக்கு மூச்சு முட்டும். "இதை வீட்லயே படிச்சுக்குங்க" என்று வாத்தியார் பக்கத்தைப் புரட்டுவார். வீட்டில் கேட்டால், "ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க, போ."

பெண் வயசுக்கு வந்த சேதி ஒன்றும் ரகசியமில்லை. மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் இறக்கி, ரோட்டு முனையில் அவள் படத்தோடு ஆளுயர ஃபிளெக்ஸ் வைப்போம். வாழ்த்துவோர் பட்டியலில் ஒன்றியச் செயலாளர்வரை இருப்பார். அவள் உடம்பில் என்ன நடந்தது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னவர் ஒருவரும் அதில் இருக்க மாட்டார்.

மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் நிறைந்த சீமை இது. பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு என்று பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். திருச்செங்கோட்டு மலைமேல் பாதி உடம்பைப் பெண்ணாக வைத்துக்கொண்டு நிற்கிறாரே அர்த்தநாரீஸ்வரர், அவர் அட்மிஷனுக்கு வந்தால் எந்தப் படிக்கட்டில் ஏற்றுவார்களோ.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012இல். நம் பிள்ளைகளில் பலருக்கு அதன் முதல் வகுப்பை எடுப்பவர் மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர். 17 வயதுப் பெண்ணைக் காதலித்து அழைத்துப்போன பையனுக்கு, உறவு நடந்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்பது கைதான பிறகே தெரிகிறது. நாமக்கல் மாவட்ட வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில்தான், 16 வயதுக்கு மேல் சம்மதத்தோடு நடப்பதைப் போக்சோவின் கடுமையிலிருந்து விலக்கலாம் என்று 2019 ஏப்ரலில் யோசனை சொன்னார் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன். சம்மத வயதை 18இலிருந்து குறைக்க வேண்டாம் என்றது 2023இல் சட்ட ஆணையம். பெரியவர்கள் நிதானமாக வாதாடட்டும். யாரைப் பற்றிய வாதமோ அவர்களுக்கு 18 என்றால் ஓட்டும் லைசென்ஸும்தான்.

நிஜமாகவே ஒரு பெரிய மனுஷன் கை வைத்தாலோ? "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்" என்று டி.சி. கிழித்துக் கொடுப்பார்கள், பிள்ளைக்கு! தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை அப்படி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது போக்சோவின் 21ஆம் பிரிவு. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, அடையாளம் வெளியே வரக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் உரிமை. எந்தப் பள்ளிச் சுவரிலாவது இதைப் பார்த்தீர்களா? நீட் ரேங்க் படத்துக்கே இடம் போதவில்லை.

சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்களாம். சொல்லாமல் வளர்த்த பிள்ளைகள் ஏன் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள்? போக்சோ சட்டத்தைக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் தெரியவைப்பது அரசின் கடமை என்று அதன் 43ஆம் பிரிவே சொல்கிறது. வாத்தியார்களே, கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். தள்ளிவிட்ட அந்தப் பாடத்தை இந்த வாரமே நடத்துங்கள். கரும்பலகை ஓரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று எழுதி, அழிக்காமல் விடுங்கள்.