விரலாடு விளம்பரவியல்: ஆரணிப் பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

விரலாடு விளம்பரம் என்பது யாதோ எனின், கைப்பேசித் திரையில் கூப்பிடாமல் வந்து நின்று, பார்ப்பவர் விரலைக் கொண்டே தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் விளம்பரம் என்க. தேய்த்தல், சுழற்றுதல், குலுக்குதல், சுரண்டுதல் என அதன் தொழில் நான்கு. மூடப்போய்த் திறந்துவிடுதல் என்னும் ஐந்தாவதையும் சிலர் சேர்ப்பர். மூடும் குறி கடுகளவும் பெருவிரல் கத்தரிக்காய் அளவும் இருக்கையில் அது தொழிலன்று, விபத்தே என மறுப்பாரும் உளர். விளம்பரக்காரர் கணக்கில் அதுவும் வாடிக்கையாளர் ஆர்வமே.

இதன் பெரும்பருவம் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையேல் பட்டு நகராது. நகராத சரக்கை நகர்த்த எழுந்ததே ஆடித் தள்ளுபடி. முன்பு அதை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீஸைக் கசக்கி எறியலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

ஆய்வுக்களம் ஆரணி. என்னை? தறியும் அரிசி ஆலையும் ஒருங்கே பெற்ற ஊர் அது. அரிசியானாலும் பட்டானாலும் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காத ஊர். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தறிக்கும் கைப்பேசிக்கும் என்ன உறவு என்பார் ஒரு சாரார். அவர் தறியை அண்ணாந்து பாராதவர். மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில், அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லையேல் படுத்திருக்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பார் செய்த இவ்வேற்பாட்டைக் கண்டே சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்குத் துளையட்டை வைக்க எண்ணினார். ஆகவே கைப்பேசி தறிக்குத் தம்பி முறை. அண்ணன் நெய்த சேலையைத் தம்பி விற்றுக் கொடுப்பதில் தவறில்லை, யோக்கியமாக விற்கும் பட்சத்தில்.

இனி, சுரண்டுதல். நான்கனுள் இதுவே தலையாயது. ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை. சிவப்புப் பட்டின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் ஜரிகை. கைப்பேசியைச் சுரண்டினால் தெரிவதோ 'அடுத்த முறை முயலுங்கள்'. இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பொருள் வாங்கியவர்களுள் குலுக்கலால் சிலருக்கு மட்டும் பரிசளிப்பதைத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் 1979 முதலே தடுக்கிறது. கூகுள் பே தன் சுரண்டல் அட்டைச் சலுகை தமிழ்நாட்டவருக்கு இல்லை என்று நிபந்தனையில் எழுதி வைத்ததும் இதனாலேயே. அப்படியானால் சுரண்டுவோர் அனைவர்க்கும் ஒரே பத்து சதவீதம் தந்தால் என்ன எனின், தரலாம். அனைவர்க்கும் ஒன்றே எனின் சுரண்டுவானேன் என்னும் வினாவுக்கு இத்துறையில் இன்னும் விடையில்லை. சுழலும் சக்கரத்துக்கும் இஃது ஒக்கும்.

அடுத்தது அவசரம். 'இன்னும் 02:59 நிமிடமே' என்று ஓடும் கடிகாரம், மூடித் திறந்தால் மறுபடி 02:59 காட்டும். ஆடிக்கு 31 நாளோ 32 நாளோ; தள்ளுபடி ஆவணியிலும் தொடர்வதைக் கண்டோர் பலர். ஒரு கைத்தறிப் பட்டுச் சேலையை நெய்யவே பல நாள் ஆகும்போது, வாங்க மூன்று நிமிடம் என்பது நெய்தவர்க்கே அவமரியாதை. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. அதில் முதலில் நிற்பது பொய் அவசரம். 'வேண்டாம்' பொத்தானில் 'எனக்குச் சேமிக்க விருப்பமில்லை' என்று எழுதி வெட்கப்படுத்துவது மூன்றாவது.

இவற்றையெல்லாம் திருத்திவிட்டாலும் மூலக் குறை ஒன்று நிற்கும். கடையில் விரிப்பின்மேல் சேலை விழுந்ததும் அம்மாமார்கள் முதலில் சொல்வது, "அந்தப் பக்கம் திருப்பிப் போடுப்பா" என்பதே. முன்பக்கம் எல்லாச் சேலையும் அழகு. புட்டாவுக்கு ஓடிய ஜரிகை பின்னால் எப்படிப் போகிறது, உடலும் கரையும் கோர்வையாய்ச் சேர்ந்த இடம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் திருப்பினால்தான் தெரியும். துணியை விறைப்பாகப் பிடித்த ஊசிகளின் சிறு துளைகள் கரையோரம் இருந்தால் கைத்தறி என்று ஓரளவு நம்பலாம். விரலாடு விளம்பரத்திலோ சேலையை நெருக்கிப் பார்க்கலாம், நிறம் மாற்றலாம், நடிகைக்கு உடுத்தலாம், நமக்கே உடுத்திப் பார்க்கலாம். திருப்ப மட்டும் முடியாது. வடிவமைத்தவர்க்குச் சேலைக்குப் பின்பக்கம் உண்டென்று யாரும் சொல்லவில்லை போலும். அல்லது சொன்னதால்தான் விட்டுவிட்டாரோ என்பது ஆய்வுக்குரியது.

எனவே வடிவமைப்பாளர்களே, சக்கரத்தையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள். நான்கு தொழிலையும் ஒழித்துத் திருப்புதல் என்னும் ஒன்றை வையுங்கள். அடுத்த ஆடிக்குள் முடியாவிட்டால் தீபாவளிக்காவது செய்யுங்கள். மூடும் குறியைப் பெரிதாக்க மட்டும் இன்றே முடியும்.