ஏழரை மார்க்குப் பாட்டு

ஏங்கண்ணு, காதுல செருகியிருக்கறத சித்த கழட்டு. பெருசு பேசறதும் கொஞ்சம் உள்ள போகட்டும்.

ஞாயித்துக்கெழமையானா ஏற்காட்டு மலையோட இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்க செம்மநத்தம் பக்கம் வந்துர்றீங்க. காப்பித் தோட்டத்தோரமா வண்டிய நிறுத்தி டப்பாவுல பாட்டப் போடறீங்க. போடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா பாட்டு ஆரம்பிச்சு அரை நிமிசம் ஆகறதுக்குள்ள ஒருத்தன் "ப்ரொடக்சன் வீக்கு"ங்கறான். இன்னொருத்தன் "மொத ஆல்பம் அளவுக்கு இல்ல"ங்கறான். மூணாவது ஆளு போனைத் தேச்சுப் பாத்துட்டு "இதுக்கு 7.5 தான் போட்டிருக்கான்"னு தீர்ப்பு சொல்றான். அதோட பாட்டு நின்னு போச்சு. ஏழரையா? எங்கூர்ல ஏழரைன்னா சனி. அது பாட்டையும் புடிக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது.

யாருடா இந்தப் புள்ளி வெச்சு மார்க்குப் போடற வாத்தியாருன்னு எம்பேரனக் கேட்டேன். அமெரிக்காவுல பிட்ச்ஃபோர்க்குனு ஒரு பத்திரிகையாம். தொண்ணூறுகள்ல பள்ளிக்கூடம் முடிச்ச ஒரு பையன் ஆரம்பிச்சதாம். இண்டி, ராக், ஹிப்ஹாப்புனு எந்த ஆல்பம் வந்தாலும் 0.0-ல இருந்து 10.0 வரைக்கும் அளந்து போட்டுருவாங்களாம். சரி, 8.2 வாங்குன பாட்டுக்கும் 8.3 வாங்குன பாட்டுக்கும் நடுவால என்னடா வித்தியாசம்னு கேட்டேன். பையன் தலையச் சொறிஞ்சான். மார்க்குப் போட்டவனும் சொறிஞ்சிருப்பான், நமக்குத் தெரியாமப் போச்சு.

2006-ல ஜெட்டுனு ஆஸ்திரேலியாப் பசங்க ஒரு ராக் ஆல்பம் போட்டாங்க. பேரு 'ஷைன் ஆன்'. அதுக்கு அந்த வாத்தியாரு எழுதுன விமர்சனத்துல ஒரு எழுத்து கெடையாது. ஒரு சிம்பன்சி தன் வாயிலயே மூத்திரம் பேஞ்சுக்கற வீடியோ. பக்கத்துல 0.0. அதப் பாத்து ஒலகமே சிரிச்சுதாம். ஏற்காட்டுக்காரனுக்குக் கொரங்கப் பத்திப் புதுசா என்ன சொல்லித் தரப்போறாங்க? உன் கையில இருக்கற பன்னப் புடுங்கிட்டு ஓடும். ஆனா அது கூட ஒரு கடி கடிச்சுப் பாத்துட்டுத்தான் கீழ போடும்.

இன்னொண்ணு கேளு. 2003-ல லிஸ் ஃபேர்ங்கற பாட்டுக்காரிக்கும் அதே முட்டை. எழுதுனவன் 2019-ல மன்னிப்புக் கேட்டான். 2021-ல அந்தப் பத்திரிகையே பழைய கணக்க எடுத்துத் திருத்தி, அதே ஆல்பத்துக்கு 6.0 போட்டுது. அந்தப் பதினெட்டு வருசத்துல பாட்டுல ஒரு தாளமாவது மாறுச்சா? அந்தப் பொம்பள பாடுனது பாடுனபடியேதான் கெடந்துது. முட்டைய நம்பி அத்தன வருசம் கேக்காம வுட்டவன் காது மட்டும் வீணாப் போச்சு.

நம்ம புள்ள கதையும் இருக்குது. லண்டன்ல பொறந்து யாழ்ப்பாணத்துல வளந்த மாயா, எம்.ஐ.ஏ.-ன்னு பேரு வெச்சுக்கிட்டவ. 2005-ல அப்பன் பேர்ல 'அருளர்', 2007-ல ஆத்தா பேர்ல 'கலா', 2010-ல தன் பேர்லயே 'மாயா'. அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் தலையில தூக்கி வெச்சு மார்க்குக் குடுத்தாங்க. புள்ளைக்கு வந்தது 4.4. சத்தம் ஜாஸ்தி, அரசியல் ஜாஸ்தி, கம்ப்யூட்டரு வேவு பாக்குதுங்கறா, என்ன ஒளர்றா இவன்னு திட்டுனாங்க. மூணு வருசம் கழிச்சு அமெரிக்க உளவுத்துறையில வேல பாத்த ஸ்னோடன்னு ஒருத்தன் வெளிய வந்து ஆமா, வேவு பாக்கறாங்கன்னான். அந்த 4.4-ஐ என்ன பண்ணலாம்னு நீயே ரோசனை பண்ணிச் சொல்லு.

கெழவனுக்கு மார்க்குன்னாலே ஆகாதுன்னு நெனச்சுக்காத. எங்க மலைக் காப்பிக்கும் மார்க்குப் போடறவங்க இருக்கறாங்க. மேசையில வரிசையாக் கிண்ணம் வெச்சு, கரண்டியில அள்ளி, சர்ருனு சத்தம் வர உறிஞ்சி, துப்பிப்போட்டு, மல்லிப்பூ வாசம் வருது, ஆரஞ்சுத்தோலு வருது, கடைசியில சாக்லேட்டு வருதும்பாங்க. நூத்துக்கு 80 தாண்டுனா ஒசத்திக் காப்பி. அங்கயும் கால் மார்க்கு, அரை மார்க்குன்னு இழுவை உண்டு. மொதல்ல எனக்கும் சிரிப்புத்தான். ஆனா ஒண்ணு கண்ணு, எந்தக் கிண்ணத்துல எவன் தோட்டத்துக் காப்பின்னு அந்த ஆளுக்குத் தெரியாது. நம்பரு மட்டுந்தான் ஒட்டியிருக்கும். பெரிய எஸ்டேட்டு தொரையோடதும் ஒத்த ஏக்கராக்காரனோடதும் ஒரே மேசையில ஒக்காந்திருக்கும். நாக்குத்தான் நாயம் சொல்லணும்.

பாட்டுக்கு மார்க்குப் போடறவன் அப்பிடியா செய்யறான்? பேரப் பாக்கறான், கம்பெனியப் பாக்கறான், போன ஆல்பத்துக்கு என்ன போட்டோம்னு பாக்கறான், பக்கத்து வாத்தியாரு என்ன போட்டாருன்னு ஓரக்கண்ணால பாக்கறான். கடைசியா நேரமிருந்தா கேக்கறான். நீ அவனையும் பாத்துட்டு, கேக்காமயே சொல்ற. உன்ற காத வாடகைக்கு வுட்டுட்டு நீ எங்கடா குடியிருக்கற?

பேரு வெக்கறதுல இன்னொரு அலும்பு. இது இண்டி, அது ஆல்ட்டு, இது லோ-ஃபைங்கறான். 2018 ஜனவரியில சென்னைக் கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு கூட்டம் மேடை ஏறுச்சே, சினிமா டைரக்டரு பா. ரஞ்சித்தும் இசைக்காரரு டென்மாவும் சேத்த பசங்க. கானாவும் ராப்பும் ராக்கும் ஒண்ணாப் போட்டு, சாதியக் கேள்வி கேட்டுப் பாடுனாங்க. எந்த அட்டைய ஒட்டறதுன்னு தெரியாம நெறையப் பேரு முழிச்சாங்க. அதுக்கு முன்னால இதே கானாவச் சாவு வீட்டுப் பாட்டு, குப்பத்துப் பாட்டுன்னு மூக்கச் சுளிச்சவங்கதான் அப்பறம் 'புதுமை'ன்னாங்க. பாட்டு அதே எடத்துல நின்னுச்சு. இவங்கதான் தெருவத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாங்க.

அந்தக் கூட்டத்துல பாடுன அறிவுன்னு ஒரு அரக்கோணத்துப் பையன். 2019-ல ஆஃப்ரோங்கற இசைக்காரரோட சேந்து 'தெருக்குறள்'னு ஒரு ஆல்பம் போட்டான். 2021 மார்ச்சுல தீங்கற புள்ளையோட 'எஞ்சாயி எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. கோடிக்கணக்குல ஜனம் பாத்துது. உன்னைய மாதிரி பசங்க "பீட்டு செம"ன்னு ஆடுனாங்க. பீட்டு செமதான், மறுக்கல. ஆனா அந்தப் பாட்டுல ஒரு கெழவி இருக்கறா. அவன் பாட்டி வள்ளியம்மாள். சிலோன் தேயிலைத் தோட்டத்துல கூலிக்கு ஒழைச்சுட்டு, நெலமில்லாத ஜனமா இங்க திரும்பி வந்தவங்கள்ல ஒருத்தி. 1964-ல இந்தியப் பிரதமரு சாஸ்திரியும் சிலோன் பிரதமரு சிறிமாவோவும் ஒரு கையெழுத்துப் போட்டாங்க. 5,25,000 பேர இந்தியா வாங்கிக்கும்னு சரக்குக் கணக்கு மாதிரி எழுதுனாங்க. எஸ்டேட்டுக் கூலி வீட்டு ஆளுக எங்க மலையிலயும் உண்டு. அந்தப் பாட்டு ஓடுனப்ப அவங்க ஆடல. ஒருத்தி "இது எங்க பாட்டி சொன்ன கதைதானே"ன்னா. அதுக்கு மேல நல்ல விமர்சனம் நான் இன்னும் கேக்கல.

பெரிய பத்திரிகைக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 2021 ஆகஸ்ட்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப் படம் போட்டுது. 'எஞ்சாயி எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'ங்கற பாட்டையும் கொண்டாடித்தான் அந்த அட்டை. படத்துல தீ இருந்தா, ராப்பரு ஷான் வின்சென்ட் டி பால் இருந்தாரு. ரெண்டு பாட்டுக்கும் வரி எழுதுன அறிவக் காணோம்! ரஞ்சித்து வெளிப்படையாக் கேட்டாரு, ஊரே கேட்டுது. அப்பறம் அறிவு படத்தோட தனியா ஒரு அட்டைய இணையத்துல வுட்டாங்க. பந்தி முடிஞ்சப்பறம் ஒறம்பரையக் கூப்புட்டு தனி எலை போட்ட மரியாதை. 8.2-க்கும் 8.3-க்கும் நடுவால இருக்கற புள்ளி தெரியுற சாதிக்கு, பாட்டெழுதுன ஆளு முழுசா நின்னும் கண்ணுக்குத் தெரியல.

அதுக்காக வெசனப்பட்டு, விமர்சனமே வேண்டாம்னு நீ கெளம்பிராத. உங்க கூட்டத்துல இன்னொரு கிறுக்கு இருக்குது. புடிச்ச ராப்பரை ஒருத்தன் கொறை சொன்னா அவன் அம்மா வரைக்கும் திட்டறது. கேட்டுட்டு கொறை சொல்றவன் சொல்லட்டும். எந்த வரி எங்கிருந்து வந்துது, இந்த அடி யாரு பறையில இருந்து எடுத்தது, எங்க ஏமாத்துறான், எங்க உருகுறான்னு எழுதட்டும். அப்பிடி எழுதுறவனுக்கு நான் என் காப்பியில ஒரு டம்ளரு குடுப்பேன், சர்க்கரை போட்டு.

2024-ல சந்தோஷ் நாராயணனே ஒரு சேதி சொன்னாரு. அத்தன கோடிப் பேரு பாத்த அந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யால தங்களுக்கு ஒத்தப் பைசா வரலைன்னாரு. நீங்க சொல்ற 7.5-ஐ எடுத்துட்டுப் போயி அவங்க எந்தக் கடையிலடா அரிசி வாங்கறது? மார்க்குச் சொன்னியே, காசு குடுத்து ஒரு பாட்டு வாங்குனியா? ஒரு கச்சேரிக்கு டிக்கெட்டு எடுத்தியா? ஓசியில கேட்டுட்டு ரெண்டரை மார்க்கு கொறைக்கற கை அது!

அந்த அறிவுப் பையன் எப்பவாவது சேலத்துக்குக் கச்சேரிக்கு வந்தா எனக்கும் ஒரு டிக்கெட்டு எடு. காசு நான் குடுத்தர்றேன். முன்வரிசை வேண்டாம், இருக்கற காதும் போயிரும்.